நாலாயிரம் ரூபாய் இன்சூரன்ஸ் யாரைக் காப்பாற்றும்?

மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு ஓட்டுநர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். வயது 41. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. இரண்டு வருடங்களுக்கு முன்பு மனைவியின் நகையை அடகு வைத்து, 1,248 சிசி டீசல் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். வண்டிக்கு இப்போது 11 வயது. வெள்ளை போர்டுதான், அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டி. ஆனால் அதில்தான் ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, குலதெய்வம் கோயில் என்று வாடகைக்கு ஆள் ஏற்றிப் பிழைப்பு நடக்கிறது. ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. இன்சூரன்ஸ் முடிந்து 40 நாள் ஆகிவிட்டது.

இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் அவருடைய மச்சான் சொன்ன கணக்கு இது: “டாக்ஸி என்று போட்டால் பதினாலாயிரம் பக்கம் வரும். ஓன் போர்டு என்றே போட்டால் நாலாயிரத்தில் முடித்துவிடலாம். போலீஸ் பிடித்தால் காட்ட ஒரு பேப்பர் வேண்டும், அவ்வளவுதானே?” நேரில் போய்க் கேட்ட ஒரு கம்பெனியில், பழைய வண்டி என்று சொல்லித் தேர்ட் பார்ட்டி கூட, அதாவது நம் வண்டியால் பாதிக்கப்படும் அடுத்தவருக்கான கட்டாயக் காப்பைக் கூட, போட மறுத்துவிட்டார்களாம். அவர் கேட்கும் கேள்விகள்: ஏழைக்கென்று சலுகை இன்சூரன்ஸ் ஏதும் இல்லையா? வெளிநாட்டில் இருக்கிறதாமே? என்னிடம்தான் ஒன்றுமில்லையே, இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்து நடந்தால் என்னிடமிருந்து எதைப் பிடுங்கப் போகிறார்கள்? பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸில் வாங்கும் ஒப்புதல்) எடுக்காததால் எப்படியும் கிளெய்ம் வராது என்கிறார்களே, பிறகு எதற்குக் கட்ட வேண்டும்? கடைசியாக, வேறு இடத்தில் போட்டால் மச்சான் மனம் கோணுமே, என்ன செய்வது?

தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்ட் பார்ட்டி பிரீமியத்தைக் கம்பெனிகள் தாமாக நிர்ணயிப்பதில்லை. மத்திய அரசு அட்டவணை போட்டு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணையைப் பாருங்கள். 1,500 சிசிக்கு மேற்பட்ட சொந்தக் கார், அது எத்தனை லட்ச ரூபாய் வண்டியாக இருந்தாலும், ஆண்டுக்கு 7,897 ரூபாய். உங்கள் அளவிலான எஞ்சின் கொண்ட வாடகைக் காருக்கு அடிப்படை 7,940 ரூபாய், அதன் மேல் பயணி ஒருவருக்கு 978 ரூபாய். நாலு பயணிக்குக் கூட்டினால் 11,852. பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 13,985. வீட்டு வாசலில் பெரிய வண்டியை நிறுத்தி வைத்திருப்பவரைவிட, அன்றாடம் ஓட்டிச் சாப்பிடும் நீங்கள் அதிகம் கட்டுகிறீர்கள். வாடகை வண்டி நாள் முழுக்க ரோட்டில் ஓடுகிறது, உள்ளே உட்காரும் பயணிகளுக்கும் கம்பெனி பொறுப்பேற்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆபத்தின் கணக்கு அது, வருமானத்தின் கணக்கு அதில் எங்கும் கிடையாது. எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. வாடகை தினம் தினம் சில்லறையாக வருகிறது. பிரீமியத்தையோ ஒரே தொகையாக, முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். பணம் கைக்கு வந்த பிறகே காப்பு தொடங்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவு சொல்வதால், மாதத் தவணைக்குக் கம்பெனிகள் பிடி கொடுப்பதில்லை. நாலாயிரத்துப் பாலிசியை நோக்கி உங்களைப் போன்றவர்கள் நகர்வது அங்கேதான் தொடங்குகிறது.

வெளிநாட்டுச் சலுகை பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலமாக இருக்கலாம். 1999-ல் சட்டம் போட்டு, குறைந்த வருமானக்காரர்களுக்கென்று தனிக் கார் இன்சூரன்ஸ் திட்டம் தொடங்கினார்கள். குடும்ப வருமானம் அந்நாட்டு வறுமைக்கோட்டின் இரண்டரை மடங்குக்குள் இருந்தால் சேரலாம். ஆனால் விலையைக் குறைக்கும்போது காப்புத் தொகையையும் குறைத்துத்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் ரேஷன் கார்டைக் காட்டி வாங்கும் வாகன இன்சூரன்ஸ் எதுவும் இல்லை. அப்படி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அதே சமயம் இங்கே தேர்ட் பார்ட்டி பாலிசியில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மேல்வரம்பு கிடையாது. அடுத்தவர் பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்குத்தான் 7.5 லட்சம் என்று வரம்பு. தீர்ப்பு 50 லட்சமாக வந்தாலும், பாலிசி ஒழுங்காக இருந்தால் கம்பெனிதான் கட்ட வேண்டும்.

அந்த ‘ஒழுங்காக’ என்பதில்தான் உங்கள் மச்சானின் யோசனை இடிக்கிறது.

நாலாயிரத்துப் பாலிசி எங்கே கைவிடும்?

தேர்ட் பார்ட்டி என்றால் எல்லாருக்கும் காப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. கடிதத்தில் ஓரிடத்தில் ‘வண்டியில் இருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. சொந்தக் காருக்கு எடுக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசி ரோட்டில் போகிறவர், எதிரே வரும் பைக்காரர், அடுத்த வண்டியில் இருப்பவர் ஆகியோருக்கானது. உங்கள் வண்டிக்குள் இருப்பவருக்கு அதில் இடமில்லை. சொந்தக் காரின் உள்ளே பயணிப்பவருக்குக் காப்பு வேண்டுமென்றால் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் ‘பேக்கேஜ் பாலிசி’ எடுத்திருக்க வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. வாடகை வண்டியில் அப்படியில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 147-ஆம் பிரிவு வாடகை வண்டிப் பயணியைக் கட்டாயக் காப்புக்குள் கொண்டுவருகிறது. அந்தத் தலைக்கு 978 ரூபாய் இதற்குத்தான்.

ஆகவே நாலாயிரத்துப் பாலிசியோடு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய் வண்டி புளியமரத்தில் மோதினால், உள்ளே இருந்தவர்கள் கேட்கும் இழப்பீட்டுக்கு ‘நாங்கள் பொறுப்பில்லை’ என்று கம்பெனி சொல்லும். பெரும்பாலும் தீர்ப்பும் அப்படித்தான் வரும். உங்களுக்குக் காசு கொடுத்து ஏறியவர்கள் யாரோ, அவர்களுக்கே காப்பு இருக்காது.

ரோட்டில் நடந்து போனவர் மீது மோதினாலும் நீங்கள் தப்ப முடியாது. பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டுவது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறுவது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அப்படிப்பட்ட வழக்குகளில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்ன செய்யும் தெரியுமா? அடிபட்டவர் தவித்துவிடக் கூடாது என்பதற்காக, ‘முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்’ என்று உத்தரவிடும். கட்டிய மறுமாதமே கம்பெனியின் வக்கீல் அந்தப் பணத்தை வசூலிக்க உங்கள் மேல் நிறைவேற்று மனு போடுவார். இந்த மாதிரி மனுவில் எதிராளியாக வந்து நிற்கிற ஓட்டுநர்களை நான் கோர்ட்டில் அடிக்கடி பார்க்கிறேன். பாதிப்பேர் கையில் பாலிசி இருக்கும். ‘இன்சூரன்ஸ் கட்டியிருக்கேனே அம்மா’ என்று அதை நீட்டுவார்கள்.

“என்னிடம் எதைப் பிடுங்கப் போகிறார்கள்?”

இதையும் நேராகப் பேசிவிடுவோம். இழப்பீடு எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இறந்தவர் 30 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 சம்பாதித்தார், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் அவரை நம்பி இருந்தார்கள் என்று வையுங்கள். 2009, 2017 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த முறைப்படி, வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால்பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்குரிய பெருக்குத் தொகை 17. பெருக்கினால் 32,13,000 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல்.

இந்தத் தொகையைக் கட்டாவிட்டால், 174-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பும். நில வரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிப்பார்கள். அப்பா விட்டுப்போன ரெண்டு சென்ட் இடம், பிறகு ஒரு நாள் நீங்கள் வாங்கப் போகும் வேறு வண்டி, எதுவும் ஜப்திக்கு வரலாம். இன்சூரன்ஸே இல்லாத வண்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். இழப்பீட்டுக்குப் போதுமான பிணை கொடுக்காவிட்டால் வண்டியையே ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் வழி செய்திருக்கிறது. நகையை வைத்து வாங்கிய வண்டி போய்விடும், நகையும் திரும்பாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுமுறை 4,000, அல்லது மூன்று மாதம் வரை சிறை. மச்சான் சொல்லும் ‘போலீஸ்’ பயம் இவ்வளவுதான். 32 லட்சத்துக்கு முன்னால் அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

இன்னொருவரும் மாட்டுவார். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்பதும் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அதுவும் 2018-ல்தான். வண்டியை உங்களுக்கு விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கும் அந்த மனிதருக்கு நோட்டீஸ் போகும்.

பேட்ஜ் விஷயம்

இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பேட்ஜ் இல்லை, எனவே கிளெய்ம் இல்லை என்பது பழைய பேச்சு. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்குட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை என்று தீர்த்துவிட்டது. உங்கள் லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மறுக்க முடியுமா?

முழுக் காப்பை, அதாவது நாம் ‘ஃபர்ஸ்ட் பார்ட்டி’ என்கிறோமே அதை, பழைய வண்டிக்குத் தர மறுக்கக் கம்பெனிக்கு இடமுண்டு. தேர்ட் பார்ட்டி அப்படியல்ல. அந்த வகைக் காப்பைக் குறிப்பிட்ட அளவு வழங்கியே ஆக வேண்டும் என்று இன்சூரன்ஸ் சட்டம் 32டி பிரிவு கம்பெனிகள் மேல் கடமை சுமத்துகிறது. கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். எழுத்தில் கேட்டால் பேச்சு மாறும். ‘மறுப்பதானால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்’ என்று ஒரு வெள்ளைத்தாளில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்தில் பதியலாம், அல்லது 155255 எண்ணில் அழைக்கலாம். அதற்கு முன்னால், நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளில் ஒன்றின் கிளைக்கு நேரில் போய்ப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி விலை எங்கும் ஒன்றே என்பதால் கடை கடையாக ஏறி இறங்கி விலை விசாரிக்க வேண்டியதில்லை. பின்னாளில் கிளெய்ம் தகராறு வந்தால் சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். வக்கீலான நானே சொல்கிறேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

உங்கள் முன்னால் மூன்று வழிகள். வாடகைக்கு ஓட்டுவதை விட்டுவிட்டு, காரைச் சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு நாலாயிரத்துப் பாலிசி எடுப்பது ஒன்று. அது முழுக்கச் சட்டப்படியானது. ஆனால் அடுப்பு எரியாது. வண்டியை விற்று நகையை மீட்டுவிட்டு, ஆக்டிங் டிரைவராகவோ (அடுத்தவர் காரைக் கூலிக்கு ஓட்டுபவர்) டிராவல்ஸில் சம்பளத்துக்கோ போவது இரண்டாவது. உங்களுக்குக் கௌரவக் குறைச்சலாகப் படலாம், ஆனால் 11 வயது டீசல் வண்டியின் பராமரிப்புச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது மனைவியோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது, வண்டியை மஞ்சள் போர்டாக மாற்றி, உண்மையைச் சொல்லி டாக்ஸி பாலிசி எடுப்பது. நாலாயிரத்துப் பாலிசிக்கும் இதற்கும் வித்தியாசம் ஆண்டுக்கு 9,954 ரூபாய், நாளுக்கு 27 ரூபாய். ஏர்போர்ட் சவாரியில் குடிக்கிற ரெண்டு டீ. மூன்றாவதைத்தான் நான் சொல்வேன், எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனையில் வண்டி தேறும் என்றால். எட்டு வயதைத் தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. எனவே முதலில் நம்பகமான மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டிவிடுங்கள். இந்த வயது வண்டியை மாற்ற அனுமதி உண்டா, வரி எவ்வளவு என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

வரிசை முக்கியம். பெயர் மாற்றத்துக்குப் போனால் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பார்கள். இன்சூரன்ஸ் போடப் போனால் ஆர்.சி. யார் பெயரில் என்பார்கள். அதனால் இன்றைக்கே, ஆர்.சி. இருக்கும் நிலையிலேயே, சொந்தக் காருக்கான தேர்ட் பார்ட்டி பாலிசியை எடுத்துவிடுங்கள். அது பொய்யாகாமல் இருக்க வேண்டுமென்றால், அன்றிலிருந்து சவாரி ஏற்றக் கூடாது. பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 29, 30 படிவங்கள் வீட்டில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை வைத்துப் பெயர் மாற்றம் செய்யுங்கள். உங்கள் பெயருக்கு வந்த 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துப் பாலிசியிலும் பெயரை மாற்றுங்கள். பிறகு மஞ்சள் போர்டுக்கு விண்ணப்பம், எஃப்.சி., பெர்மிட். அந்தச் சமயத்தில் பாலிசியை வாடகை வண்டி வகைக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டு, வித்தியாசத் தொகையைக் கட்டுங்கள். இதற்கிடையில் சில வாரங்கள் வருமானம் நிற்கும். அந்த நாட்களுக்கு ஆக்டிங் டிரைவர் வேலை கைகொடுக்கும்.

புதுப் பாலிசியில் மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள். காப்பு தொடங்கும் தேதியும் மணியும்: விடுபட்ட 40 நாளுக்குப் பின்தேதியிட்டு எதுவும் கிடைக்காது. வண்டியின் வகை, எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர்: பைக்குக்கு எடுத்த பாலிசியைக் கம்ப்யூட்டரில் திருத்திக் காருக்கு விற்கிற மோசடி நடக்கிறது, எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும். மூன்றாவது, உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு.

இந்த மூன்றாவதில்தான் நிறையப் பேர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு 15 லட்சம் காப்பு அது. ‘வேறு பாலிசி இருக்கிறது’ என்று ஏஜென்ட் படிவத்தில் ஒரு பெட்டியில் டிக் அடித்துவிட்டால் அது விலக்காகிவிடும், பிரீமியமும் குறையும். நீங்கள் ஓட்டும்போது உங்கள் தவறால் உங்களுக்கே உயிர் போனால், தேர்ட் பார்ட்டியிலிருந்து உங்கள் மனைவிக்கு ஒரு பைசா வராது. ஏனென்றால் அந்தப் பாலிசியில் நீங்கள் மூன்றாம் நபர் கிடையாது. இந்த 15 லட்சம்தான் வரும், அதுவும் ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தால். கூடவே வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்குப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேருங்கள். விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அமைப்புசாரா ஓட்டுநர்கள் நலவாரியத்திலும் பதிந்து வையுங்கள். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி இரண்டுக்கும் அங்கே வழி உண்டு. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பை, இந்த வயது வண்டிக்கு, நான் வலியுறுத்த மாட்டேன். வண்டியின் மதிப்பே இறங்கிவிட்ட பிறகு அதற்குக் கட்டும் பணத்தை டயருக்குச் செலவழியுங்கள்.

மச்சான் மனம் கோணும் என்ற கவலைக்கு வருகிறேன். வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று யார் சொன்னது? டாக்ஸி பாலிசியை அவரிடமே போடுங்கள், ‘உள்ளபடி எழுது’ என்று மட்டும் சொல்லுங்கள். பதினாலாயிரத்துப் பாலிசிக்குக் கமிஷனும் அவருக்கு நாலாயிரத்தைவிடக் கூடத்தான் வரும்.